இதழை எடைபோடும் மாணவரை எடைபோடுதல்



ஒரு மாணவர் ஓர் இதழைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் பழைய பிரதிகளைத் தேடிப் படிக்கிறார். இந்த இதழ் தரமானது என்றோ தரம் குன்றியது என்றோ எழுதி, ஆய்வேட்டைக் கட்டி நம்மிடம் கொடுக்கிறார். நாம் அதைப் படித்து நூற்றுக்கு இத்தனை என்று எண் போடுகிறோம். இங்கே நடப்பவை இரண்டு மதிப்பீடுகள். இதழைப் பற்றி மாணவர் செய்வது ஒன்று. மாணவரைப் பற்றி நாம் செய்வது மற்றொன்று. முதலாவதைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நாம் கூடிப் பேசுவது அரிது. மதிப்பெண் பட்டியல் உறைக்குள் போய்விடுகிறது. அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து எளிமையானது. இதழின் தரம் பற்றிய ஆய்வேட்டில், மாணவர் எட்டிய முடிவையும் அவர் திரட்டிய தகவலின் பருமனையும் விட, சான்றிலிருந்து முடிவுக்கு அவர் நடந்து வந்த தடத்துக்கே நாம் மதிப்பெண் இட வேண்டும். அந்தத் தடத்தைக் காட்டு என்று மாணவரிடம் கேட்கும் நாம், நம் மதிப்பெண்ணின் தடத்தையும் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

இதழாய்வேடுகளின் அமைப்பு நம் எல்லோருக்கும் பழக்கமானது. முதல் இயலில் தமிழ் இதழியலின் தோற்றமும் வளர்ச்சியும் வரும். அடுத்து, எடுத்துக்கொண்ட இதழின் வரலாறும் ஆசிரியரின் வாழ்க்கையும் வரும். பிறகு உள்ளடக்கப் பகுப்பு, மொழிநடை, சமுதாயப் பங்களிப்பு. முடிவுரையில், இவ்விதழ் தமிழ் வளர்ச்சிக்கு அரும்பணி ஆற்றியுள்ளது என்ற வாக்கியம் இருக்கும். இதழின் பெயரை மாற்றி வேறொரு பெயரைப் போட்டாலும் அந்த வாக்கியம் அப்படியே நிற்கும் என்பதுதான் அதன் குறை. எந்த இதழுக்கும் பொருந்தும் தீர்ப்பு எந்த இதழையும் பற்றிய தீர்ப்பாக ஆகாது. இந்த நிலைக்கு மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. துணிந்து ஒரு மதிப்பீட்டைச் சொன்னால் புறத்தேர்வாளருக்குப் பிடிக்காமல் போகலாம் என்ற அச்சம் அவருக்கு உண்டு. அந்த அச்சம் இரண்டு பாதுகாப்பான இடங்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஒன்று, பொதுவான பாராட்டு. மற்றொன்று, எண்ணிக்கை.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. ஒரு மாணவர் இந்த 119 இதழ்களையும் புரட்டி, கவிதை இத்தனை விழுக்காடு, விமர்சனம் இத்தனை, மொழிபெயர்ப்பு இத்தனை என்று அட்டவணை போடலாம். உழைப்பு மிகுந்த வேலைதான், பயனும் உண்டு. ‘எழுத்து’ விமர்சனத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியது என்பதை அந்த அட்டவணை ஐயமின்றிக் காட்டும். ஆனால் அந்த விமர்சனங்களில் எது வாதம், எது வெறும் அபிப்பிராயம் என்பதை அட்டவணை சொல்லாது. 1962இல் செல்லப்பா ‘எழுத்து’க் கவிதைகளிலிருந்து 24 பேருடைய 63 கவிதைகளை எடுத்துப் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். தமிழில் புதுக்கவிதை என்ற வடிவம் காலூன்றியதைப் பேசும் எவரும் அந்தச் சிறு தொகுப்பைத் தொடாமல் போக முடியாது. விழுக்காட்டுக் கணக்கில் அந்த 63 கவிதைகள் எங்கோ ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஓர் இதழின் தரம் அதன் பக்கங்களின் சராசரி ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ந. பிச்சமூர்த்தியைப் போன்ற மூத்த எழுத்தாளரையும், திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமையும் ஒரே இதழ் அருகருகே வைத்தது. அப்படி வைத்ததால் என்ன நிகழ்ந்தது என்று கேட்பவரே தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். எண்ணுவது அந்தக் கேள்விக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. கேள்விக்கு விடையாக அதை ஏற்றுக்கொள்ளும் தேர்வாளர், மாணவரைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்.

பாராட்டு என்ற மற்றொரு புகலிடம் இன்னும் ஆபத்தானது. அதற்கு ஆய்வின் தோற்றம் எளிதில் வாய்த்துவிடுகிறது. ‘மணிக்கொடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கு. சீனிவாசனும் வ.ரா.வும் டி.எஸ். சொக்கலிங்கமும் சேர்ந்து 1933 செப்டம்பரில் அதைத் தொடங்கியபோது அது அரசியலுக்கு முதன்மை தந்த வார இதழ். 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதைக்கான இதழாக மாறியது. ஒரே பெயரில், வேறு வேறு நோக்கங்களோடு, வேறு வேறு கைகளில் இயங்கிய இதழ் அது. ‘மணிக்கொடியின் தரம்’ என்று ஒருமையில் எழுதும் மாணவர், எந்த மணிக்கொடி என்ற கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பிற்காலத்தில் தேர்ந்தெடுத்துத் தொகுத்த கதைகளும், ராமையா எழுதிய ‘மணிக்கொடி காலம்’ நூலும்தான். 1982இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அந்த நூல் விலைமதிப்பற்ற ஆவணம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அது இதழை நடத்தியவரே சொன்ன வரலாறு. ‘சரஸ்வதி காலம்’ எழுதிய வல்லிக்கண்ணனும் ‘சரஸ்வதி’ இதழில் எழுதியவர். உள்ளே இருந்தவரின் சாட்சியம் இது என்று குறித்துக்கொண்டு, அதை இதழ்ப் பக்கங்களோடு ஒத்துப்பார்க்கும் மாணவரும், அதையே தீர்ப்பாக நகலெடுக்கும் மாணவரும் முடிவுரையில் ஒரே வாக்கியத்தை எழுதக்கூடும். முடிவுக்கு மதிப்பெண் போட்டால் இருவருக்கும் ஒரே மதிப்பெண். தடத்துக்குப் போட்டால் இருவருக்கும் இடையிலான தூரம் கண்ணுக்குத் தெரியும். தேர்ந்தெடுத்த தொகுப்பை மட்டும் படித்தவர் மதிப்பிடுவது தொகுத்தவரின் ரசனையை. ஓர் இதழின் சோர்ந்த மாதங்களையும், இடம் நிரப்பப் போட்ட பக்கங்களையும் பார்த்தவரே இதழை மதிப்பிடத் தகுதி பெறுகிறார்.

மூன்றாவதாக ஒரு முன்முடிவும் நம் துறைகளில் வேரூன்றி நிற்கிறது. வணிக இதழ், சிற்றிதழ் என்ற பிரிவினையைத் தர அளவுகோலாகவே பயன்படுத்தும் பழக்கம் அது. இந்தப் பிரிவினைக்கு வரலாற்று நியாயம் உண்டு. பெருவிற்பனை இதழ்கள் ஏற்க மறுத்த எழுத்துக்குச் சிற்றிதழ்கள் இடம் கொடுத்தன. அதற்காக ஆசிரியர்கள் சொந்தக் காசை இழந்தார்கள். அந்தத் தியாகத்தை மதிக்கிறேன். ஆயினும் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இந்தப் பிரிவினையைப் போட்டுவிட்டால், படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்தது. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’யில் எழுதிய ஜெயகாந்தன்தான் 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை ஆனந்த விகடனில் எழுதி, வீடுகளுக்குள் விவாதத்தைக் கிளப்பினார். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வந்தபோது, வரலாற்றைப் பற்றி வேறு எந்த நூலையும் படிக்க வாய்ப்பில்லாத வீடுகளுக்கும் சோழர் காலம் போய்ச் சேர்ந்தது. பெருவிற்பனை இதழைச் சிற்றிதழின் அளவுகோலால் அளந்து தோற்கடிப்பது எளிது. பத்தாயிரம் வீடுகளுக்குள் நுழையும் உரிமை பெற்ற இதழ், அந்த வாசகரை மதித்ததா, அவருக்குக் கொஞ்சமாவது புதியதைக் காட்டியதா என்று கேட்பது கடினம். விற்பனை எண்ணிக்கையைச் சான்றளிக்க இந்தியாவில் 1948 முதல் ஒரு தணிக்கை அமைப்பு இருக்கிறது. அது எத்தனை பிரதி விற்றது என்று சொல்லும். விற்றது எதற்குத் தகுதியானது என்பதை ஒரு வாசகர்தான் படித்துச் சொல்ல வேண்டும். சிறியது என்பதால் உயர்ந்தது என்ற எண்ணமும், பெரியது என்பதால் சிறந்தது என்ற எண்ணமும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து மதிப்பெண் இடுவது? என் பார்வையில் நான்கு கேள்விகள் போதும். முதல் கேள்வி, மாணவர் எதைப் படித்தார் என்பது. மொத்தம் எத்தனை இதழ்கள், அவற்றில் கிடைத்தவை எத்தனை, கிடைக்காதவை எந்த ஆண்டைச் சேர்ந்தவை, மூலப் பிரதியா, நுண்படமா, தொகுப்பா என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது, எந்த அளவுகோலைக் கையாண்டார், அதை எங்கிருந்து எடுத்தார் என்பது. ஓர் இதழ் தன் முதல் தலையங்கத்தில் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை அளவுகோலின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, அந்த வாக்கே போதுமானதா என்பதையும் கேட்க வேண்டும். மூன்றாவது, ஒப்பீடு. தனியாக நிற்கும் பொருளுக்குத் தரம் தெரியாது. 1959இல் ‘எழுத்து’ விமர்சனம் என்ற பெயரில் என்ன செய்தது என்பது, அதே காலத்தில் ‘கலைமகள்’ நூல் மதிப்புரையில் என்ன செய்தது, ‘தாமரை’ என்ன செய்தது என்று வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். நான்காவது கேள்வியே எனக்கு முதன்மையானது. தன் முடிவுக்கு எதிரான சான்றை மாணவர் தேடினாரா? தான் போற்றும் இதழின் பலவீனமான பக்கத்தை எடுத்துக்காட்டினாரா? தான் நிராகரிக்கும் இதழின் நல்ல பக்கத்துக்கு நியாயம் செய்தாரா? எதிர்ச்சான்றைச் சந்தித்த பிறகும் நிலைக்கும் தீர்ப்பே தீர்ப்பு. வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து எது மிகுதி என்று கொள்ளச் சொன்னது ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு. இதழைத் தெரிந்தெடுப்பவருக்கும் அந்த இரு பக்கத் தேடல் அவ்வளவே கட்டாயம்.

இவை நமக்குப் புதியவை என்று யாரும் கருத வேண்டாம். ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லும் மரபு நம் இலக்கணத்திலேயே உண்டு. நன்னூலின் பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பெயர் சொல்லி வகுக்கிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்ற குற்றங்களை இன்றைய ஓர் இதழின் ஐந்தாண்டுத் தொகுதியோடு பொருத்திப் பாருங்கள். வேகமாகத் தொடங்கி, மெல்ல மெலிந்து, ஆண்டு மலரோடு நின்றுபோன எத்தனையோ இதழ்களுக்குச் சென்று தேய்ந்து இறுதல் என்பதைவிடத் துல்லியமான சொல் இல்லை. ஆழமுடைத்தாதல், முறையின் வைப்பு, விளங்க வைத்தல் ஆகிய அழகுகளும் அப்படியே. நன்னூலை இயற்றிய பவணந்தி நூலாசிரியருக்குச் சொன்னதை இதழாசிரியருக்கு நீட்டுவது பொருந்துமா என்று ஒரு மாணவர் வாதிட்டால், அந்த வாதமே நல்ல ஆய்வேட்டின் ஓர் இயலாகும். தனி ஒருவர் ஒரே மூச்சில் எழுதிய நூலுக்கும், பலர் கூடி மாதந்தோறும் செய்யும் இதழுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அங்கே சிந்தித்தாக வேண்டும். இந்த மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதன்மையான பாடம், பட்டியலைவிட அதன் பின்னால் இருக்கும் ஒழுக்கம். மதிப்பிடுகிறவர் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்ற ஒழுக்கம் அது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். தேர்வாளர் என்ற முறையில் நாம் அந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்கிறோமா? விடைத்தாள் திருத்துவதன் நம்பகத்தன்மை பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சான்றுகள் குவிந்துள்ளன. 1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் ஆங்கிலத் தேர்வுத்தாள் ஒன்றைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் அதே தாளைத் திருத்தினார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் விழுந்தது. 1935இல் இங்கிலாந்தில் பிலிப் ஹார்ட்டாக்கும் ரோட்ஸும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தேர்வாளர்களிடம் அதே தாள்களைத் திரும்பக் கொடுத்தார்கள். தேர்ச்சி, தோல்வி, சிறப்பு என்ற 210 தீர்ப்புகளில் 92 தீர்ப்புகள் மாறிப்போயின. இங்கே ஒருவர் மற்றொருவரோடு முரண்படவில்லை. ஒருவர் தன்னோடு தானே முரண்பட்டார். கண்டிப்பானவர், தாராளமானவர் என்று சொல்லி இதை விளக்கிவிட முடியாது.

1961இல் பால் டீடெரிக்கும் உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு இந்த முரண்பாட்டின் வேரைக் காட்டியது. கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேர் ஒன்பது படிநிலைகளில் தரப்படுத்தினார்கள். 101 கட்டுரைகள் ஒன்பது படிநிலைகளையும் பெற்றன. அதாவது, ஒரே கட்டுரையைச் சிலர் உச்சியிலும் சிலர் அடியிலும் வைத்தார்கள். காரணத்தைத் துருவியபோது, தரப்படுத்தியவர்கள் தத்தம் போக்கில் குழுக்களாகப் பிரிந்து நின்றது தெரிந்தது. ஒரு சாரார் கருத்தை மதித்தார்கள். ஒரு சாரார் பிழையற்ற மொழியை மதித்தார்கள். வேறொரு சாரார் அமைப்பையோ, சொல்லாட்சியையோ, எழுத்தின் தனிச்சுவையையோ மதித்தார்கள். அலட்சியத்தால் விளைந்த முரண்பாடு இது என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தமக்குள் ஓர் அளவுகோலை வைத்திருந்தார்கள். அதை வெளியே எடுத்து மேசைமேல் வைக்கவில்லை, அவ்வளவுதான். இதழ் தரமானது என்று எழுதிவிட்டு அளவுகோலைச் சொல்லாத மாணவரிடம் நாம் காணும் அதே குறை, 58 என்று எழுதிவிட்டு அளவுகோலைச் சொல்லாத தேர்வாளரிடமும் இருக்கிறது. இதழின் முன் அமர்ந்த மாணவரும் ஆய்வேட்டின் முன் அமர்ந்த தேர்வாளரும் செய்வது ஒரே வகையான வேலை. ஒருவரிடம் கேட்கும் நேர்மையிலிருந்து மற்றவருக்கு விலக்கு அளிக்க முடியாது. முடிவுக்கு மதிப்பெண் இடும் பழக்கம் இந்தக் குறையை இரட்டிப்பாக்குகிறது. இதழைப் பற்றிய தேர்வாளரின் சொந்தக் கருத்தும் அப்போது மதிப்பெண்ணுக்குள் கலந்துவிடுகிறது. ‘எழுத்து’க் கவிதைகளைத் தனிமனித விரக்தி என்று கருதும் தேர்வாளரும், தமிழ்க் கவிதையின் விடுதலை என்று கருதும் தேர்வாளரும் ஒரே ஆய்வேட்டுக்குத் தரும் எண்கள் அந்த இதழைப் பற்றிய பழைய சண்டையின் நீட்சியாகவே இருக்கும், மாணவரின் திறனைச் சொல்லா.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றை நேராகச் சந்திக்க விரும்புகிறேன். தடத்துக்கே மதிப்பெண் என்றால், எந்த முடிவும் சரி என்று ஆகிவிடாதா என்பது முதல் மறுப்பு. ஆகாது. சான்றுகளின் வழியே உண்மையாக நடப்பவர் எங்கு வேண்டுமானாலும் போய்ச் சேர முடியாது. சான்று அவரைக் கட்டும். ஓர் இதழ் மொழிபெயர்ப்பில் முன்னோடி என்று சொல்கிறவர், அந்த இதழில் வந்த மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும். ஒப்பிடும்போது அது சுருக்கித் தந்த தழுவல் என்று தெரிந்தால், முன்னோடி என்ற சொல் தானாகவே தளரும். தவறான முடிவு எங்கிருந்து வருகிறது என்று தேடினால், தடத்தில் ஒரு படி விடுபட்டிருப்பதை ஏறக்குறைய எப்போதும் காணலாம். அந்த விடுபட்ட படிக்காக மதிப்பெண்ணைக் குறையுங்கள். எந்தப் படி என்று சொல்லியும் குறையுங்கள். எல்லாப் படிகளும் சரியாக இருந்தும் முடிவு நம் கருத்துக்கு மாறாக நின்றால், ஒருவேளை மாற்றிக்கொள்ள வேண்டியது நம் கருத்தாக இருக்கலாம். ஆய்வு என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருப்பதன் பொருளே அதுதான்.

ரசனையை அளக்க முடியாது, அதை மாணவர்மேல் திணிக்கவும் கூடாது என்பது அடுத்த மறுப்பு. ரசனையை அளக்கச் சொல்லவில்லை. ரசனை தன் காரணங்களைச் சொல்லப் பழகியிருக்கிறதா என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையக் கருத்து இங்கே உதவும். நல்ல வேலை எது என்பது பற்றி ஆசிரியரிடம் இருக்கும் உணர்வை மாணவரும் ஏறக்குறைய அடைந்தால்தான் அவர் தன் வேலையைத் தானே திருத்திக்கொள்ள முடியும் என்றார் அவர். அந்த உணர்வு விதிகளைப் படித்து வருவதில்லை. பல மாதிரிகளைப் பார்த்து, தாமே மதிப்பிட்டுப் பழகுவதால் வருகிறது. நம் இசை ஆசிரியர்களுக்கும் தச்சுத் தொழில் செய்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த உண்மை. ஆய்வேடு எழுதும் முன்பே, பெயர் நீக்கிய பழைய ஆய்வேடுகள் சிலவற்றை மாணவர்களிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லலாம். அவர்கள் தரும் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். அந்த ஒரு வகுப்பு, கருதுகோள் பற்றிய பல விரிவுரைகளைவிட மிகுதியாகக் கற்பிக்கும்.

பழைய இதழ்கள் கிடைப்பதில்லை, நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லும் அளவுக்கு மாணவர் எங்கே போவார் என்பது பரிவோடு எழுப்பப்படும் மறுப்பு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு விடை சொல்வது கடினமாக இருந்திருக்கும். இன்று நிலை வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. கன்னிமரா நூலகமும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய ஈழத்து ‘நூலகம்’ திட்டத்தால், டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’யை இன்று மதுரையில் இருந்தபடியே படிக்கலாம். இன்னும் கிடைக்காதவை ஏராளம் என்பதை மறுக்கவில்லை. கிடைக்காததற்காக எந்த மாணவரையும் தண்டிக்கக் கூடாது. கிடைக்கவில்லை என்பதை மறைத்ததற்கு மட்டுமே குறைக்க வேண்டும். 40 இதழ்களில் 11 மட்டுமே பார்த்தேன், எனவே என் முடிவு இந்த 11 இதழ்களைப் பற்றியது என்று எழுதும் மாணவர், முழுத் தொகுதியையும் பார்த்ததுபோல எழுதும் மாணவரைவிடச் சிறந்த ஆய்வாளர். அவருடைய மதிப்பெண்ணில் அது தெரிய வேண்டும்.

நேரமில்லை என்பது கடைசி மறுப்பு. ஒரு பருவத்தில் கட்டுக்கட்டாக ஆய்வேடுகள் வரும்போது, ஒவ்வொன்றின் தடத்தையும் தொடர்வது எப்படி? வாய்மொழித் தேர்வை இதற்குப் பயன்படுத்தலாம். மாணவர் ஆய்ந்த இதழின் ஒரு பிரதியை, அல்லது அவர் பார்த்திராத வேறோர் இதழை, மேசைமேல் வையுங்கள். அரை மணி நேரம் புரட்டச் சொல்லி, இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எந்தப் பக்கத்தைக் கொண்டு சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஓர் இதழை மதிப்பிடக் கற்றவர் அந்த அரை மணியில் தெரிந்துவிடுவார். பிறர் எழுதிய முடிவுரையைத் தழுவியவரும், படிக்காத இதழைப் பற்றிக் கணினியிடம் எழுதி வாங்கியவரும் தெரிந்துவிடுவார்கள். இருநூறு பக்கத்தை வரி வரியாகப் படிப்பதைவிட இது குறைந்த நேரம் கேட்கும்; மாணவரையும் மிகுதியாக மதிக்கும்.

இந்தப் பயிற்சி இன்று ஏன் அவசரமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதழ்களின் தரத்தை நாமே மதிப்பிடாமல் ஒரு பட்டியலிடம் ஒப்படைத்துவிடலாம் என்று உயர்கல்வி உலகம் சில காலம் நம்பியது. பல்கலைக்கழக மானியக் குழு ஆய்விதழ்களுக்கு அங்கீகாரப் பட்டியல் வெளியிட்டது. 2018 மே மாதத்தில் அந்தப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக மானியக் குழு அறிவித்தது. சில பரிந்துரை அளவீடுகளைத் தந்து, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பை நிறுவனங்களிடமே திருப்பிக் கொடுத்தது. உலக அளவிலும் கதை இதுவே. எந்த ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குத் துணையாக யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்த, மேற்கோள்களை எண்ணிக் கணக்கிடும் தாக்கக் காரணி, நாளடைவில் தனி ஆய்வாளரின் தகுதியை அளக்கும் கோலாக மாறியது. அது தவறு என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய அறிவியல் இதழாசிரியர்கள் ஒரு பிரகடனமே வெளியிட வேண்டி வந்தது. தமிழாய்விதழ்களுக்கோ அந்த எண்ணும் பொருந்துவதில்லை. ஆக, இன்று நம் ஆய்வு மாணவர் தன் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது என்று தானே முடிவுசெய்ய வேண்டியவராக இருக்கிறார். அந்த இதழின் ஆசிரியர் குழு உண்மையில் படிக்கிறதா, பணம் வாங்கிக்கொண்டு அச்சிடுகிறதா, அதில் வந்த முந்தைய கட்டுரைகளில் வாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘மணிக்கொடி’யையும் ‘எழுத்து’வையும் மதிப்பிடக் கற்றவருக்கு இந்தத் திறன் தானாக வரும். கற்காதவர், கட்டணம் கேட்கும் முதல் மின்னஞ்சலுக்கு இரையாவார். மானியக் குழுவின் 2022 விதிமுறைகளால் எம்.ஃபில். பட்டமும் இல்லாமல் போன நிலையில், முனைவர் பட்டத்துக்கு முன் இந்தத் திறனைக் கற்க மாணவருக்கு எஞ்சியிருப்பது முதுகலை ஆய்வேடு ஒன்றே. அதை நாம் எப்படி மதிப்பிடுகிறோமோ அப்படித்தான் அது எழுதப்படும். பாராட்டுக்கு மதிப்பெண் தந்தால் பாராட்டு எழுதப்படும். அட்டவணைக்குத் தந்தால் அட்டவணை வரும். காரணம் காட்டும் துணிவுக்குத் தந்தால், அந்தத் துணிவு வளரும்.

ஆசிரியர்களான உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த இதழாய்வேடு உங்கள் மேசைக்கு வரும்போது, எண்ணை எழுதுவதற்கு முன் ஒரு பத்தி எழுதுங்கள். இந்த மாணவர் எதைப் படித்தார், எதைக் கொண்டு அளந்தார், எதனோடு ஒப்பிட்டார், தனக்கு எதிரான சான்றை எப்படிச் சந்தித்தார் என்று அதில் சொல்லுங்கள். அந்தப் பத்தியை மாணவர் கையில் கொடுங்கள். மாணவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் நேசிக்கும் இதழின் மிகப் பலவீனமான பிரதியைத் தேடிப் படித்துவிட்டு, அதன் பிறகு அதைப் புகழுங்கள். அந்தப் புகழ்ச்சியை நாங்கள் நம்புவோம்.